வேகம் எங்கே தொலைகிறது?

(தாம்பரம் பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கற்றல் விளைவுகள், மதிப்பீடு, எமிஸ் பதிவு என்று பேசுவோம். இன்று வீட்டு இணையத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இதெல்லாம் ஒரு தலைப்பா, டீச்சர்?" என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். பயிற்சி இணையவழியில் வருகிறது. வினாத்தாளைப் பதிவிறக்க வேண்டியிருக்கிறது. மதிப்பெண்ணைப் பதிவேற்ற வேண்டியிருக்கிறது. பாதி வேலையை நாம் இரவு ஒன்பது மணிக்கு மேல், வீட்டில் உட்கார்ந்துதான் செய்கிறோம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நாமும் உட்கார்ந்துகொண்டே இருப்போம்.

நான் கணினி படித்தவள் அல்ல. ஆறு முதல் எட்டு வரை கணக்கும் அறிவியலும் எடுப்பவள். குடியிருப்பது கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி, சேலையூர் பக்கம். ஒரு நாள் நடந்த சம்பவம்தான் என்னை இந்த விஷயத்தில் இறங்க வைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாலை, இருபது நிமிடம்

என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த மாணவி ஒருத்தி. அரசுப் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்தாள். பொறியியல் கலந்தாய்வில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்திருந்தாள். வீட்டில் இணையம் கிடையாது. அம்மாவிடம் இருக்கும் கைப்பேசியில் விருப்பப் பட்டியலை நிரப்ப முடியவில்லை. "மிஸ், உங்க வீட்டுல லேப்டாப் இருக்குல்ல, வரட்டுமா?" என்று கேட்டாள். "வாம்மா" என்றேன்.

அவளுடைய சுற்றில் கல்லூரிகளைத் தேர்வு செய்ய அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. மூன்று மணிக்கு வந்தாள். நோட்டில் கல்லூரிக் குறியீட்டு எண்களை அழகாக வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஐம்பத்திரண்டு விருப்பங்கள். படுக்கையறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தோம். பக்கம் திறக்கவே நான்கு நிமிடம் ஆனது. ஒரு கல்லூரியைச் சேர்த்துச் சேமித்தால் பிழை என்று வரும். மீண்டும் உள்நுழைய வேண்டும். ஓடிபி வரும், அதற்குள் பக்கம் காலாவதி ஆகிவிடும். மணி நாலு நாற்பது. பட்டியலில் ஒன்பது கல்லூரிகள்தான் ஏறியிருந்தன.

அந்தப் பெண் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "பரவால்ல மிஸ், ஒன்பது இருக்குல்ல" என்றாள்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தோம். அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். நாலு ஐம்பத்தேழுக்கு ஐம்பத்திரண்டாவது விருப்பமும் ஏறியது. பிறகு ஒதுக்கீட்டு ஆணை வந்தபோது அவளுக்குக் கிடைத்தது, பட்டியலில் முப்பத்தொன்றாவதாக எழுதிய கல்லூரி. ஒன்பதோடு நின்றிருந்தால் அந்தச் சுற்றில் அவளுக்கு இடமே கிடைத்திருக்காது.

நான் மாதம் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் மூன்று ஆண்டுகளில் இரண்டு நிறுவனங்களை மாற்றியிருந்தேன். மூன்றும் மோசம் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு என்று எழுதியிருக்கிறார்களே, அந்த நூறு எங்கே போகிறது? மாணவர்களுக்கு "அளந்து பார்க்காமல் முடிவு சொல்லாதே" என்று பாடம் நடத்துகிறேன். நான் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

முதலில் கணக்கு

விளம்பரத்தில் இருக்கும் எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது. நாம் கோப்பின் அளவைப் பார்ப்பது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு நொடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். 60 மெகாபைட் காணொலி இறங்க 12 நொடி ஆகும். "நாற்பது என்றான், ஐந்துதான் வருகிறது" என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அதில் ஏமாற்று இல்லை, அலகுதான் வேறு.

அடுத்தது, பதிவிறக்க வேகம் வேறு, பதிவேற்ற வேகம் வேறு. சில திட்டங்களில் இரண்டும் சமம். சிலவற்றில் பதிவேற்றம் மிகக் குறைவு. 300 மெகாபைட் பாடக் காணொலி ஒன்றை 5 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தில் அனுப்பினால் 300 பெருக்கல் 8 வகுத்தல் 5, அதாவது 480 நொடி, எட்டு நிமிடம். ஆசிரியர்களாகிய நாம் அனுப்புகிறவர்கள். வாங்கும்போது பதிவேற்ற வேகத்தையும் கேட்க வேண்டும்.

நமக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? ஒரு காணொலி வகுப்புக்கு இரு பக்கமும் 3 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். தெளிவான ஒரு திரைப்படத்துக்கு 5 போதும். 4கே தொலைக்காட்சி என்றால் 15. நான்கு பேர் உள்ள வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 40, 50 நன்றாக வந்தால் குறையில்லை. முந்நூறு, ஐந்நூறு என்று வாங்குவதைவிட, வாங்கிய ஐம்பது ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

நம் ஊரில் இது எப்படி வளர்ந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் தொடங்கியபோது சென்னையும் அதில் ஒரு நகரம். 2005இல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தது. 2004ஆம் ஆண்டுக் கொள்கைப்படி 256 கிலோபிட் வந்தாலே அது அகலக்கற்றை. 2013இல் அது 512 கிலோபிட் ஆனது. 2023இல்தான் குறைந்தது 2 மெகாபிட் என்று வரையறையை மாற்றினார்கள். அதாவது சட்டப்படி 2 எம்பிபிஎஸ் வந்தாலே அது அகலக்கற்றைதான். வரையறையை நம்பி உட்கார்ந்திருந்தால் நம் வேலை நடக்காது.

ஏழு நாள் நோட்டு

சரி, அளந்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. ஏழு நாள். காலை ஆறு மணி, மாலை ஐந்து மணி, இரவு ஒன்பது மணி. ஒவ்வொரு முறையும் இரண்டு அளவு. ஒன்று, ரூட்டரிலிருந்து லேன் கேபிளை நேராக மடிக்கணினியில் செருகி எடுத்தது. இன்னொன்று, படுக்கையறையில் வைஃபையில் எடுத்தது. வேகச் சோதனைக்குப் பல தளங்கள் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இல் வெளியிட்ட மைஸ்பீட் செயலியும் இருக்கிறது.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கைப்பேசியில் அளந்தால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சிம் கார்டின் வேகத்தை அளந்துவிட்டு வீட்டு இணையம் என்று எழுதிவிடுவோம். அந்த நேரத்தில் தொலைக்காட்சி ஓடக் கூடாது. கைப்பேசிகள் படங்களைத் தானாகப் பதிவேற்றிக்கொண்டிருக்கக் கூடாது. ஒருமுறை அளந்து முடிவுக்கு வரக் கூடாது, மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். இதெல்லாம் ஆறாம் வகுப்பு அளவீடுகள் பாடம்தானே!

ஏழு நாள் முடிவில் நோட்டு சொன்னது இதுதான். கேபிளில் காலையில் 95, இரவு ஒன்பது மணிக்கு 41. படுக்கையறை வைஃபையில் காலையில் 9, இரவில் 6.

எண்களைப் பார்த்ததும் முகத்தில் அறைந்தது போல இருந்தது. காலையில் வாசல் வரைக்கும் 95 வருகிறது. என் வீட்டுக்குள்ளேயே 86 காணாமல் போகிறது. மூன்று ஆண்டாக நிறுவனங்களைத் திட்டியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் விஷயத்தில் கூடம் உண்மையிலேயே கோணல்தான், ஆனால் அது என் கூடம்.

வீட்டுக்குள் தொலைந்தது

பெட்டி எங்கே இருந்தது தெரியுமா? முதல் நிறுவனத்துக்காரர் சுவரில் துளை போட்ட இடத்தில், சமையலறைப் பரணுக்குக் கீழே, இரும்பு அலமாரியின் பின்னால். அடுத்து வந்தவர்களும் "துளைதான் இருக்கே, மேடம்" என்று அதே இடத்தில் பொருத்திவிட்டுப் போனார்கள். நான் நிறுவனத்தை மாற்றினேனே தவிர, பெட்டியின் இடத்தை மாற்றவில்லை. அலமாரி இரும்பு, நடுவில் இரண்டு காங்கிரீட் சுவர், பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு.

வைஃபை வானொலி அலைதான். நம் ரூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசையில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரூட்டர்கள் இந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைவு, ஆனால் சுவர் அதற்கு ஆகாது. ஆகவே வேகம் வேண்டிய கருவி ரூட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ இருக்க வேண்டும். பழைய கைப்பேசிகள் சிலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதியே இருக்காது. அதற்கு ரூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கூடத்துக்கு மாற்றினேன், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில். ஃபைபர் வயரை மட்டும் நிறுவனத்து ஆள் வந்து நீட்டிக் கொடுத்தார். அதை நாமே இழுக்கவோ மடிக்கவோ கூடாது. உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடி இழை, கூர்மையாக மடிந்தால் ஒளி கசிந்துவிடும், முறிந்தும் போகலாம். கடவுச்சொல்லை மாற்றினேன். மாற்றிய அன்று மாலையே பின் வீட்டுப் பையன் வந்து, "ஆன்ட்டி, வைஃபை வரமாட்டேங்குது" என்றான். அப்போதுதான் தெரிந்தது, என் வேகத்தில் ஒரு பகுதி பின் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை படுக்கையறையில் அளந்தேன். 58. அதே திட்டம், அதே பணம்.

உங்கள் வீட்டில் இன்னொன்றும் பாருங்கள். சில பழைய ரூட்டர்களின் லேன் துளைகள் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தாங்காதவை. அதில் 200 எம்பிபிஎஸ் திட்டம் போட்டால் கேபிளில் 95 தாண்டாது. திட்டத்தை உயர்த்தும் முன் கருவி அதற்கு ஏற்றதா என்று கேட்க வேண்டும்.

தெருவில் தொலைந்தது

இரவு ஒன்பது மணிக்கு 41 என்று சொன்னேனே, அது வீட்டுக் கோளாறு அல்ல. கேபிளிலேயே 41தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவர் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்த் தெருவைக் காட்டினார்.

"டீச்சரம்மா, அந்தக் காலத்துல செம்புக் கம்பி. எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துல இருக்கிற வீட்டுக்கு நல்லா வரும், தூரமாப் போனா வேகம் தேஞ்சுடும். இப்ப ஃபைபர்ல தூரம் பெரிய பிரச்சினை இல்ல. எத்தன வீடு பங்கு போடுதுங்கறதுதான் பிரச்சினை" என்றார்.

அவர் சொன்னதைக் கணக்காகச் சொல்கிறேன். நம் பகுதியில் பரவலாக இருக்கும் ஜிபான் வகை ஃபைபரில் ஒரு இழையில் வினாடிக்கு ஏறத்தாழ 2500 மெகாபிட் இறங்கும். அதை ஸ்பிளிட்டர் வைத்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிப்பார்கள். 32 வீடும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால் வீட்டுக்கு 78 வரும். 64 வீடு என்றால் 39. எல்லா வீடும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால் சாதாரணமாக இது உறைப்பதில்லை. ஆனால் உள்ளூர் கேபிள்காரர் மேலிருந்து வாங்கும் மொத்த அளவு குறைவாக இருந்து, வீடுகளை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால், இரவு எட்டு முதல் பதினொன்று வரை எல்லோருக்கும் தேயும். தெருக் குழாயில் காலையில் எல்லா வீடும் மோட்டார் போட்டால் நடப்பதுதான் இது.

நம் தாம்பரத்துக்கு என்றே சில தொல்லைகளும் உண்டு. 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை எல்லாம் ஒன்றாகின. வீடுகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. எங்காவது ஒரு தெருவில் மழைநீர் வடிகாலுக்கோ பாதாளச் சாக்கடைக்கோ பொக்லைன் தோண்டிக்கொண்டிருக்கும். தோண்டும் இடத்தில் ஃபைபர் அறுந்தால் மூன்று தெருவுக்கு இணையம் போகும். மேலே போகிற கேபிள் மின்கம்பத்திலும் மரத்திலும் தொங்கும். காற்றடித்தால் அறுந்துவிடும், அணிலும் கடிக்கும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் விழுந்த மரங்களோடு எத்தனை கேபிள்கள் போயின என்று உங்களுக்கு நினைவிருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் நின்றபோது மின்சாரமும் இல்லை, இணையமும் இல்லை.

மின்தடைக்கு மட்டும் ஒரு சிறு தீர்வு உண்டு. பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. அதற்கென்று கையடக்க மினி யுபிஎஸ் கிடைக்கிறது. சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் ரூட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

புகார் கொடுக்கும் முறை

மாலை நேர வேகக் குறைவுக்காக வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்தேன். "ரூட்டரை அணைத்துப் போடுங்கள்" என்றார்கள். போட்டேன். மறுநாளும் அதையே சொன்னார்கள். மூன்றாவது நாள் நோட்டைப் புகைப்படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். தேதி, மணி, கேபிளில் எடுத்த அளவு, எல்லாம் இருந்தது. அதன் பிறகுதான் பேச்சு மாறியது. "உங்கள் பகுதி இணைப்பில் நெரிசல் இருக்கிறது, விரிவுபடுத்த இரண்டு மாதம் ஆகும்" என்று ஒப்புக்கொண்டார்கள்.

இதில் நமக்கு இருக்கும் உரிமைகளைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. வாங்கிய வேகத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் தங்கள் முனையத்திலிருந்து வாடிக்கையாளர் வரை வர வேண்டும் என்று டிராய் 2006இல் வகுத்த தரநிலை 2024 வரை நடப்பில் இருந்தது. "அப் டு" என்ற சொல்லைக் காட்டித் தப்பிக்கும்போது நம் அளவைக் காட்டிக் கேட்கலாம். ஆனால் கேபிளில் அளந்த அளவைத்தான் காட்ட வேண்டும். வைஃபை அளவைக் காட்டினால் அவர்கள் பக்கம் நியாயம் போய்விடும்.

இரண்டு. புகார் கொடுத்தால் புகார் எண் தர வேண்டும். அதை வாங்காமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். எண் இல்லாத புகார், வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத மாணவன் மாதிரி.

மூன்று. பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் வாடகையில் கழிவு தர வேண்டும். ஏழு நாள் வரை நீடித்தால் ஏழு நாள் வாடகை, பதினைந்து நாள் வரை என்றால் பதினைந்து நாள் வாடகை, அதற்கு மேல் போனால் ஒரு மாத வாடகை. இதை எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

நான்கு. புகாருக்குச் சரியான தீர்வு இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் இல்லை. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இது 2012ஆம் ஆண்டு விதி. டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை, ஆகவே அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

ஐந்து. அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு எதிராக நுகர்வோர் அங்கே போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நான் மேல்முறையீடு வரை போனேன். எழுத்தில் பதில் வந்தது, ஒரு மாதக் கழிவும் வந்தது. ஆனால் இரவு வேகம் ஏறவில்லை. ஆகவே மாற்றுவது என்று முடிவு செய்தேன். இந்த முறை காரணம் தெரிந்து மாற்றினேன்.

தேர்ந்தெடுக்கும்போது

"எந்த நிறுவனம் நல்லது, டீச்சர்?" என்று எல்லோரும் கேட்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டு அல்ல, சொன்னால் அது தவறான பதிலாக இருக்கும் என்பதால். ஒரே நிறுவனம் ராஜகீழ்ப்பாக்கத்தில் நன்றாக வரும், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மேற்குத் தாம்பரத்தில் மோசமாக வரும். காரணம், பல நிறுவனங்கள் கடைசித் தெருவை உள்ளூர் பங்குதாரரிடம் விட்டிருக்கின்றன. பெரியவர் சொன்னது இதைத்தான்: "போஸ்டர்ல இருக்கிறதக் கேக்காதீங்க, கம்பத்துல இருக்கிறதக் கேளுங்க."

நான் என் தெருவில் ஏழு வீட்டில் கேட்டேன். கேள்விகள் நான்குதான். யார் இணைப்பு? இரவு ஒன்பது மணிக்கு எப்படி? கடைசியாகப் பழுதானபோது எத்தனை நாளில் சரி செய்தார்கள்? கூப்பிட்டால் யார் வருகிறார்? இந்த நான்காவது கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மழையில் நனைந்துகொண்டு கம்பத்தில் ஏறி ஒட்டவைப்பவர் ஒரு மனிதர். அவர் உங்கள் பகுதியில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

பிறகு நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை. பதிவேற்ற வேகம் எவ்வளவு? மாதத்துக்கு எத்தனை ஜிபி வரை முழு வேகம்? 'அன்லிமிடெட்' என்று இருந்தாலும் 3300 ஜிபி போன்ற வரம்பு அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். வரம்புக்குப் பிறகு வேகம் எவ்வளவு? வரம்பையும் அதற்குப் பிறகான வேகத்தையும் விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்றும், வரம்புக்குப் பிறகும் 512 கிலோபிட்டுக்குக் குறையக் கூடாது என்றும் டிராய் 2016இல் உத்தரவிட்டது. 512 கிலோபிட்டில் நம் வேலை எதுவும் நடக்காது என்பதால் வரம்பை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

விலையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 499 என்பது கையில் 588 ரூபாய் 82 காசு. நிறுவல் கட்டணம், ரூட்டருக்கான வைப்புத்தொகை, விலகினால் அது எப்போது திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் முன்பணம் கட்டினால் சலுகை என்பார்கள். முதல் மாதம் மட்டும் கட்டி, ஏழு நாள் நோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு நீண்ட திட்டத்துக்குப் போகலாம். பழைய இணைப்பைப் புதியது ஒரு வாரம் ஓடிய பிறகே நிறுத்துங்கள். தரைவழித் தொலைபேசி எண் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். கைப்பேசி எண்ணைப் போல அதை வேறு நிறுவனத்துக்கு எடுத்துப்போக முடியாது.

ஃபைபரே வராத தெருவில் இருப்பவர்கள் 5ஜி மூலம் வரும் வீட்டு இணையத்தை யோசிக்கலாம். 2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஏர்டெல்லும் இதைத் தருகிறது. கம்பி அறுகிற தொல்லை இல்லை. ஆனால் டவர் நெரிசலாக இருந்தால் மாலையில் இதுவும் தேயும். அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு இப்போது வந்திருப்பது 60 எம்பிபிஎஸ் திட்டம். முன்பைவிட மாதம் நூற்றைம்பது ரூபாய் குறைவு. இரவு ஒன்பது மணிக்குக் கேபிளில் 55 வருகிறது.

வகுப்பறைக்குத் திரும்பி வருகிறேன்

இந்த நோட்டை நான் ஏழாம் வகுப்புக்கு எடுத்துப் போனேன். சராசரி, விழுக்காடு, வரைபடம் எல்லாவற்றுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. வீட்டில் இணையம் உள்ள பிள்ளைகள் அளந்து வந்தார்கள். இல்லாத பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டுக் கைப்பேசியில், அம்மா அனுமதியோடு, ஒரே ஒரு முறை. ஒரு சோதனைக்கே நிறைய டேட்டா போகும் என்பதால் அதற்கு மேல் வேண்டாம் என்றேன்.

அப்போது கை தூக்கச் சொல்லிக் கேட்டேன். முப்பத்தாறு பேரில் வீட்டு அகலக்கற்றை இருந்தது ஐந்து பேருக்கு. மீதிப் பேர் அப்பாவின் கைப்பேசி வீடு திரும்பும் வரை காத்திருக்கிறவர்கள். நான் அதுவரை மாலையில் காணொலி இணைப்பை அனுப்பி "பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 2020இல் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும் வைத்து ஓட்டிய நாட்களில் யார் விட்டுப்போனார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் அதே பழக்கத்தைத் தொடர்ந்திருக்கிறேன். இப்போது இணையம் தேவைப்படும் எதையும் வகுப்பிலேயே, பள்ளியின் இணைப்பில் முடிக்கிறேன். வீட்டுப்பாடம் நோட்டிலும் பேனாவிலும்தான்.

இன்னொன்றும் செய்கிறோம். கலந்தாய்வு, உதவித்தொகை விண்ணப்பம் என்று கடைசித் தேதி வரும் நாட்களில் முன்னாள் மாணவர்கள் பள்ளிக்கே வந்து செய்துகொள்ள, தலைமை ஆசிரியரின் அனுமதியோடு, இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே வரச் சொல்கிறோம்.

அந்த மாணவி இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் உயரத்தில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, "இடம் மாத்திட்டீங்களா மிஸ்?" என்றாள். ஆமாம் என்றேன். அன்று மாலையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

நீங்கள் இன்று வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு லேன் கேபிளும் ஒரு நோட்டும் எடுங்கள். ஏழு நாள் அளங்கள். குறை வீட்டுக்குள் இருந்தால் பெட்டியை நகர்த்துங்கள். தெருவில் இருந்தால் நோட்டோடு புகார் கொடுங்கள். சரியாகவில்லையென்றால் நிறுவனத்தை மாற்றுங்கள். மாற்றினாலும் அளப்பதை நிறுத்தாதீர்கள்.